பி. டோல்ச்சே என்கிற பெண்மணியும் நான்கு புள்ளிகளும்

மதிப்பிற்கும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது மனமிருந்தால் மன்னிப்பதற்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் கைகட்டி நின்று எழுதிக்கொள்வது. கையைக் கட்டிக்கொண்டு எப்படி எழுதுவாய் என்று கேட்காதீர்கள், மனசால் கட்டியிருக்கிறேன். இங்கே நான், என் மனைவி, நீங்கள் எங்கள் கூடத்தில் விட்டுப்போன பியானோ ஆகிய மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்பதும் தெரியும். யாரால் என்பதும் தெரியும். அந்த ஆள் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து என் பேனாவைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொலைபேசியில் என் மனைவியிடம் மனம் விட்டுப் பேசினீர்களாம். “தங்கச்சி, உங்க அண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. மூணு வாரமா என்கிட்ட சரியா முகம் குடுத்துப் பேசறதில்ல. நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தா உள் அறைக் கதவைச் சாத்திக்கிறா. உள்ளே மேசையைத் தட்டற சத்தம் கேக்குது. டொக்கு டொக்குன்னு அரைமணி நேரம் தட்டறா. அவ்வளவு கோபம்! நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்று கேட்டீர்களாம். ஊரார் கண்ணுக்கெல்லாம் சோதனை பண்ணிக் கண்ணாடி எழுதித்தரும் டாக்டர், சொந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கதவுக்கு வெளியே நிற்கிறார் என்று கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு இரண்டு தடவை மட்டும்தான் போட்டுக்கொண்டேன். நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை, அத்தான். பண்ணியதெல்லாம் நான். தொலைபேசியில் சொன்னால் பாதியில் உளறிவிடுவேன், முன்பு உளறியதும் தொலைபேசியில்தான், ஆகவே முதலிலிருந்து வரிசையாக எழுதிவிடுகிறேன்.

உங்கள் புதுக் குடியிருப்பில் லிஃப்ட் வேலை முடியும்வரை பியானோ எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று நீங்கள் அனுப்பிவைத்தபோது இரண்டே இரண்டு கட்டளை போட்டீர்கள். மேலே துணி போட்டு மூடி வை, மூடியைத் திறக்காதே. சத்தியமாகச் சொல்கிறேன், மூடியை நான் திறக்கவில்லை. ஸ்டூலைத்தான் திறந்தேன். ஸ்டூலைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. அதுவும் நானாகத் திறக்கவில்லை. பல்பு மாற்ற ஏறி நின்றேன், உட்காரும் பலகை ஒரு பக்கமாக நகர்ந்தது, உள்ளே ஒரு பெட்டி இருப்பது தெரிந்தது. பெட்டி என்று இருந்தால் அதற்குள் பார்க்காமல் இருக்க நான் என்ன முனிவனா? உள்ளே பழைய இசைப் புத்தகம் ஒன்று, காய்ந்துபோன அழிப்பான் ஒன்று, அடியில் மடித்துவைத்த ஒற்றைத் தாள். கையால் எழுதியது. ஊதா மை. ஐந்தைந்து கோடுகளாகப் போட்டு, கோடெல்லாம் புள்ளி, புள்ளிக்கெல்லாம் வால். தலைப்பு இல்லை, தேதி இல்லை, கையெழுத்து இல்லை. ஆனால் முதல் வரியின் தலைமாட்டில் ஆங்கிலத்தில், சாய்ந்த எழுத்தில், ஒரே ஒரு பெயர் இருந்தது: பி. டோல்ச்சே.

நான் இருபத்தெட்டு வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இனிஷியலையும் பெயரையும் பார்த்தால் எனக்குத் தெரியாதா? முதலில் ஒற்றை எழுத்து, பக்கத்தில் ஒரு சொல். இனிஷியல் ‘பி’, பெயர் ‘டோல்ச்சே’. ஏதோ வெளிநாட்டு அம்மாள். என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தண்ணீர்க் குழாய்ப் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளும் உத்தியோகம். பகலெல்லாம் அடுத்தவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் யார் சொல்வதையும் கேட்பதில்லை. தாளைப் பார்க்காமலே, “அண்ணாவா? மனுஷன் சொந்தக் கண்ணாடியையே தேடிக் கண்டுபிடிக்க மாட்டாரு. அவரு எங்கேருந்து ஒரு டோல்ச்சேயைத் தேடிக் கண்டுபிடிக்கறது?” என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் நியாயத்துக்கும் எனக்கும் அன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

அக்கா எழுதியிருக்கலாமே என்று நினைத்தாயா என்று கேட்பீர்கள். நினைக்கவே இல்லை. பியானோவை அவள் “அந்தப் பொட்டி” என்பதைத் தவிர வேறு பெயரால் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தவிரவும் அக்காவுக்குக் கைவேலை ஏது? வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் இரண்டு வருஷம் தையல் வகுப்புக்குப் போய்வந்து ஒரு தலையணை உறைகூடத் தைக்கவில்லை என்று நீங்களே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். பியானோ வாசிப்பவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே எழுதியவர் நீங்கள், எழுதப்பட்டவர் பி. டோல்ச்சே. இப்படி என் புத்தி தீர்ப்பு எழுதிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு பாவத்தைத் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும். என் சட்டைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். எழுதிய தாளைப் பார்த்தால் என் கை தானாகத் திருத்தும். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடத் திருத்தித்தான் பத்திரப்படுத்துவேன். அந்தத் தாளைப் பார்த்தேன். கடைசி வரியில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள், ஒன்றுக்கொன்று அச்சு அசல். அதே நான்கு புள்ளி, அதே நான்கு வால். எங்கள் தொழிலில் இதற்கு ‘இரட்டிப்பு’ என்று பெயர். எழுதுகிறவர் கண் அசந்தால் ஒரே சொல் இரண்டு முறை விழும். சட்டென்று இரண்டாவது கட்டத்தை மெல்லிய கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான், இது நம் அச்சகத்துத் தாள் இல்லையே, அத்தானுடைய அந்தரங்கமாயிற்றே என்று உறைத்தது. தவறாக அடித்ததை மீட்க எங்களிடம் ஒரு வழி உண்டு: அடித்த எழுத்துகளுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தால் ‘இருந்தது இருந்தபடி இருக்கட்டும்’ என்று அர்த்தம். ஆகவே நான்கு எழுத்துக்கும், அதாவது நான்கு புள்ளிக்கும், கீழே நான்கு புள்ளி வைத்தேன். கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். புள்ளிகள் தங்கிவிட்டன. இந்த நான்கு புள்ளிகளையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் அக்காவுக்குத் தொலைபேசி செய்தேன். சும்மா விசாரிப்பது மாதிரி ஆரம்பித்தேன். “அக்கா, டோல்ச்சேன்னு யாரையாவது தெரியுமா?”

நான் இணைப்பு போய்விட்டதோ என்று இரண்டு தடவை அலோ சொன்னேன்.

“யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. ஸ்டூல்ல ஒரு பேப்பர்...”

“அதை எடுத்த இடத்துலயே வை. அவருகிட்ட வாயைத் திறந்தே, அப்புறம் அக்கான்னு ஒருத்தி இருக்கறதையே மறந்துடு.” டொக்கென்று வைத்துவிட்டாள்.

ஐயோ, அவளுக்கு முன்பே தெரியும்! தெரிந்தே விழுங்கிக்கொண்டிருக்கிறாள்! அந்தப் புண்ணில் நான் போய் விரலை வைத்துவிட்டேன்! இப்படி நினைத்து நான் அன்றைக்கு அச்சகத்தில் ‘திருமண மண்டபம்’ என்பதைத் ‘திருமணத் தண்டம்’ என்று விட்டுவிட்டு முதலாளியிடம் பாட்டு வாங்கினேன். அக்கா உங்களுக்கு முகம் கொடுக்காதது அந்த நாளிலிருந்துதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக மூன்று வாரம்.

இதற்கு ஒரே வழிதான் தோன்றியது. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட வேண்டும். காதல் என்றால் காதல், வெறும் கணக்குப் பாடம் என்றால் கணக்குப் பாடம். நல்லது என்று தெரிந்தால் அக்காவிடம் சொல்லிச் சமாதானம் செய்துவிடலாம். ஆனால் படிக்க வேண்டுமே! இருநூற்று நாற்பத்தேழு எழுத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன், ஐந்து கோட்டுக்கும் சில புள்ளிக்கும் முன்னால் கைநாட்டாக நின்றேன். அப்போதுதான் உங்கள் பியானோவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய லாரிக்காரர் ஞாபகம் வந்தது. நெடுநெடுவென்று, காதில் பென்சில் செருகிக்கொண்டு ஒருவர் வந்தாரே, அவர்தான். இறக்கும்போதே, “சார், முப்பது வருஷமா பியானோ ஏத்தி இறக்கறேன். உள்ள என்னதான் இருக்குன்னு தெரிஞ்சுக்க வேணாமா? அதான் கத்துக்கறேன்” என்று சொல்லியிருந்தார். அவரைப் பிடித்தேன். சலவைக் கடைக்கு மாடியில், கீழே இஸ்திரிப் பெட்டி உஸ் என்று மூச்சுவிடும் ஓர் அறையில், வாரம் மூன்று நாள் மாலை வகுப்பு. நடத்துவது ஒரு டீச்சரம்மா. குட்டையான தலைமுடி, வாயில் எப்போதும் இருமல் மிட்டாய், அதட்டாமலே அதட்டும் குரல்.

வகுப்பில் என் முதல் நாள் எப்படிப் போனது என்று கேட்டால் லாரிக்காரர் இன்னமும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். டீச்சரம்மா ஐந்து கோடு போட்டு, “இரண்டாவது கோட்டைக் காட்டுங்க” என்றார். காட்டினேன். “அது நாலாவது” என்றார். வாழ்நாள் முழுக்க மேலிருந்து கீழே படித்தவனுக்கு முதல் வரி மேலேதானே? இங்கே கீழேயிருந்துதான் எண்ண வேண்டுமாம். இது என்ன தலைகீழ் நியாயம் என்று கேட்டேன். லாரிக்காரர் பக்கத்திலிருந்து, “பாலத்துக்கு உயரம் எங்கேருந்து சார் அளப்பாங்க? ரோட்டுலேருந்துதானே?” என்றார். கீழேயிருந்து எண்ணிக் காட்டினேன். அத்தான், உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. உளவு பார்க்கப் போனவன், கோடு எண்ண உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா என்ன, இருந்தாலும் புதிதாகக் கற்றவனைச் சும்மா இருக்கச் சொன்னால் எப்படி? வரியின் ஆரம்பத்தில் சுருண்டு சுருண்டு ஒரு பெரிய கொக்கி இருக்கிறதே, அதன் வயிற்றுச் சுழி கீழிருந்து இரண்டாம் கோட்டைக் கட்டிப் பிடித்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பெயர் ‘ஜி’. அது ஒன்று தெரிந்தால் போதும், கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி என்று மாடிப்படி மாதிரி ஏறிப்போக வேண்டியதுதான். ஏழே எழுத்து. ‘ஜி’க்கு மேலே போனால் மறுபடி ‘ஏ’. இருபத்தாறு எழுத்து வைத்துக்கொண்டு ஏழோடு நிறுத்திக்கொண்ட அந்தச் சிக்கனத்தைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. அப்புறம் அந்த நடு ‘சி’! வலது கை வரிக்குக் கீழே, இடது கை வரிக்கு மேலே, இரண்டு வீட்டிலும் இடமில்லாமல், தனக்கென்று ஒரு துண்டுக் கோடு போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறதே, அதைப் பார்த்ததும் “டீச்சர், இவன் யாரோட மச்சான்?” என்று கேட்டுவிட்டேன். டீச்சரம்மாவுக்கு இருமல் மிட்டாய் புரையேறிவிட்டது.

புள்ளிகளின் வயசு விஷயத்தில் லாரிக்காரருக்குத்தான் ஆத்திரம். வெறும் வட்டம், வால் இல்லை என்றால் நான்கு எண்ணிக்கை. வெறும் வட்டத்துக்கு வால் முளைத்தால் இரண்டு. வட்டத்தை மையால் அடைத்துவிட்டால் ஒன்று. “ரோட்டுல லோடு ஏத்தின வண்டிதான் மெதுவா போகும். இங்க காலி வண்டி நாலு எண்ணிக்கை நிக்குது, லோடு வண்டி ஓடுது. யாரு போட்ட சட்டம் டீச்சர் இது?” என்று வகுப்புக்கு ஒரு தடவையாவது கேட்பார். எனக்கு வந்த தொல்லை வேறு. நான்கு குறுக்குக் கோடு போட்ட வேலி மாதிரி ஒரு குறி வருகிறதே, எங்கள் தொழிலில் அதற்கு ‘இங்கே இடைவெளி விடு’ என்று பொருள். ஆகவே அந்தக் குறி வரும் இடமெல்லாம் நான் கையைத் தூக்கிக்கொண்டு கௌரவமாகக் காத்திருந்தேன்.

“ஏன் நின்னுட்டீங்க?”

“இடைவெளி விடச் சொல்லியிருக்கே டீச்சர்.”

“யாரு சொன்னா? அது ஒரு படி ஏத்தற குறி. பக்கத்துல இருக்கற கறுப்புக் கட்டையை அழுத்துங்க.”

இரண்டு புள்ளிக்கு மேலே வில் மாதிரி ஒரு வளைவு வந்தது. அதுவும் எங்களிடம் உண்டு. ‘பிரிக்காதே, சேர்த்து எழுது’ என்று அர்த்தம். பயந்துகொண்டே சேர்த்து வாசித்தேன். டீச்சரம்மா, “சபாஷ்! இதை யாரு சொல்லிக்குடுத்தா?” என்றார். இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த முதல் சபாஷ் அது, அத்தான். வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன்.

‘மூடியைத் திறக்காதே’ என்ற உங்கள் கட்டளை அந்த வாரம்தான் காலாவதி ஆயிற்று. தினமும் வேலைக்குப் போகுமுன் அரைமணி நேரம். உங்கள் தாளை வெளியே எடுத்துக்கொண்டு அலையக் கூடாது என்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். நகலில் ஊதா, சிவப்பு எல்லாம் ஒரே கறுப்பு. வலது கையைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டேன். இடது கை வரியைப் படித்து வாசித்தபோது என் மனைவி ஓடிவந்து, “என்ன விழுந்துச்சு?” என்று கேட்டாள். விழுந்தது என் மானம்தான். இடது கை வரியின் ஆரம்பத்தில் இருப்பது வேறு கொக்கியாம். காது மாதிரி, பக்கத்தில் இரண்டு பொட்டு வைத்தது. அந்த இரண்டு பொட்டுக்கும் நடுவில் ஓடும் கோடு ‘எஃப்’. நான் ஒரு வாரமாக எல்லாவற்றையும் வலது கைக் கணக்கிலேயே படித்திருக்கிறேன். தமிழ்ப் பத்தியைத் தெலுங்கு என்று நினைத்துத் திருத்திய மாதிரி.

போன செவ்வாய்க்கிழமை பொறுமை தீர்ந்துவிட்டது. நகலை டீச்சரம்மாவிடமே நீட்டினேன். அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது எங்க கிடைச்சது உங்களுக்கு?”

“எங்க அத்தானோட ஸ்டூல்ல. டீச்சர், ஒளிக்காம சொல்லுங்க. இந்த பி. டோல்ச்சே யாரு?”

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். லாரிக்காரர் டீச்சரம்மாவைப் பார்த்தார். அவருக்குத்தான் நான் முழுக் கதையையும் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தேனே. டீச்சரம்மா சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை, கீழே சலவைக் கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்து எட்டிப்பார்த்த சிரிப்பு. “பி-ன்னா சத்தத்தைக் குறைச்சு மெதுவா வாசின்னு அர்த்தம். டோல்ச்சேன்னா இனிமையா. ‘மெதுவா, இனிமையா.’ அவ்வளவுதான். ஆளு இல்ல சார், அது சொல்லு!”

“அப்போ அந்தம்மா உலகத்துலயே இல்லையா?” என்று லாரிக்காரர் கேட்ட கேள்வியில் உண்மையான வருத்தம் இருந்தது. மூன்று வாரமாக நாங்கள் இரண்டு பேரும் அந்த அம்மாளுக்கு முகம், உயரம், குடை எல்லாம் கொடுத்து வளர்த்திருந்தோம்.

பிறகு டீச்சரம்மா அதை வாசித்துக் காட்டினார். பன்னிரண்டே கட்டம். வலது கை ஐந்து சுரம் ஏறி, கடைசியில் ஒரு கேள்விபோலத் தூக்கி நிற்கிறது. இடது கை கீழேயிருந்து நான்கு சுரத்தில் பதில் சொல்கிறது. மறுபடி கேள்வி. மறுபடி பதில். கடைசியில் இடது கை தன் பதிலை அடுத்தடுத்து இரண்டு முறை சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. முதல் தடவை இழைத்து, நிதானமாக. இரண்டாம் தடவை வெடுக் வெடுக்கென்று, சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டுக் கையை இழுப்பது மாதிரி நான்கு தட்டு. “இந்த நாலு புள்ளிக்குக் கீழே நாலு புள்ளி வெச்சிருக்காங்க பாருங்க, அதனாலதான். புள்ளி வெச்சா தொட்டதும் விட்டுடணும். அருமையா வெச்சிருக்காங்க” என்றார். எங்கள் தொழிலில் ‘இருக்கட்டும், விடாதே’ என்கிற குறி, இவர்கள் தொழிலில் ‘உடனே விடு’ என்கிற குறி. புள்ளி வைத்தவன் யார் என்று நான் சொல்லவில்லை. டீச்சரம்மாவும் ஏனோ அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

அது என்ன பாட்டு என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கேயோ கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டில், நகலை நிற்கவைத்து, வலது கையை மட்டும் வாசித்தேன். ஐந்து சுரம். தூக்கி நிறுத்தினேன். உள்ளேயிருந்து என் மனைவி, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டே, கொஞ்சமும் யோசிக்காமல் சத்தமாகச் சொன்னாள்: “தலையிலதான் இருக்கு அண்ணா, நல்லாப் பாருங்க!” சொல்லிவிட்டு, “அண்ணா எப்ப வந்தாரு?” என்று கூடத்துக்கு வந்து தேடினாள்.

அத்தான்! “கண்ணாடி எங்க?” கண்-ணா-டி-எங்-க. ஐந்து சுரம், கடைசியில் ஒரு தூக்கல். இருபத்தாறு வருஷமாகத் தினமும் காலையில் நீங்கள் கேட்கிற கேள்வி! இடது கை? “தலையில.” த-லை-யி-ல. நான்கு சுரம். முதல் தடவை பொறுமையாக, இரண்டாம் தடவை வெடுக்கென்று: “தலையில!” அப்படியே எங்கள் அக்கா! அப்படியே அவள் குரல்! என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். இன்னொரு தடவை. குழாய்ப் புகார் எல்லாம் அன்றைக்கு அரைமணி நேரம் தாமதம்.

கட்டிய பெண்டாட்டி சலிப்போடு சொல்லும் ஒரு சொல்லை எடுத்து, கோட்டில் ஏற்றி, ‘மெதுவாக, இனிமையாக’ என்று தலைமாட்டில் எழுதி, யாருக்கும் காட்டாமல் ஸ்டூலுக்குள் வைத்திருக்கிறீர்கள். அந்த மனுஷனை நான் சந்தேகப்பட்டேன். அந்த மனுஷனிடம் பேசாமல் இருக்கும்படி அவர் பெண்டாட்டியை நான் செய்துவிட்டேன். இதைக் கேட்ட லாரிக்காரர், “சார், நீங்க போய் நேர்ல கால்ல விழுந்துடுங்க, வர்ற பதினெட்டாம் தேதி பொட்டியை ஏத்திக்கிட்டுப் போறப்ப உங்களையும் பின்னாலயே ஏத்திக்கறேன்” என்றார். ஆமாம், உங்கள் லிஃப்ட் தயாராகிவிட்டதாம், பதினெட்டாம் தேதி பியானோ உங்கள் வீட்டுக்கு வருகிறது. அதுவரை காத்திருக்காதீர்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அக்காவிடம் காட்டுங்கள். டோல்ச்சே பெண்மணி இல்லை, வெறும் சொல் என்று விளக்குங்கள். தாளை நீங்கள்தான் அவளுக்காக எழுதினீர்கள் என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். கதவு தானாகத் திறக்கும். மேசையைத் தட்டுவதும் நிற்கும்.

ஒரே ஒரு வருத்தம்: இவ்வளவு கற்ற பிறகு அந்தப் பெட்டியை லாரியில் ஏற்றிவிட வேண்டும். டீச்சரம்மா அட்டையில் கட்டை வரைந்து கொடுத்திருக்கிறார், அதை மேசைமேல் வைத்துத் தட்டிப் பழகலாமாம். எல்லா மாணவருக்கும் அதுதான் கொடுப்பாராம்.

என் மனைவி உங்களுக்கு வணக்கமும், கண்ணாடியைத் தலையில் தேடும்படி ஞாபகமும் சொல்லச் சொன்னாள். லாரிக்காரர் தம் மரியாதையைச் சொல்லச் சொன்னார். நீங்களும் அக்காவும் ஒரே வளைவுக்குக் கீழே சேர்ந்து நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

இப்படிக்கு,
இரண்டு வீட்டுக்கும் நடுவில் துண்டுக் கோடு போட்டு உட்கார்ந்திருக்கும்
உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: அத்தான், கடிதத்தை மடித்து உறைக்குள் வைக்கும்போது அக்கா தொலைபேசியில் வந்தாள். தாள் உங்களுடையது இல்லை. இந்தக் கடிதம் முழுக்க “நான் எழுதலையே, நான் எழுதலையே” என்று நீங்கள் முனகிக்கொண்டே படித்திருப்பீர்கள், மன்னிக்கவும். எழுதியவள் அவள். அந்த இரண்டு வருஷம் அவள் போனது தையல் வகுப்புக்கு இல்லை, சலவைக் கடை மாடிக்கு. டீச்சரம்மா செவ்வாய்க்கிழமை தண்ணீர் குடிக்கப் போனதும் இதனால்தான். உள் அறையில் மேசையைத் தட்டுவது கோபத்தில் இல்லை, அத்தான். அட்டைக் கட்டையை மேசைமேல் விரித்து வாசித்துப் பழகுகிறாளாம். பேசாமல் இருப்பது, பேசினால் சிரித்து உளறிவிடுவோம் என்ற பயத்தில். பதினெட்டாம் தேதி பொட்டி இறங்கியதும் தானே ஸ்டூலில் உட்கார்ந்து உங்கள் கேள்விக்குப் பதில் வாசிக்கப்போகிறாள். “அவரு மூஞ்சியை அப்போ நான் பார்க்கணும்டா. ஒரு வார்த்தை அவருக்குப் போச்சோ, உன்னைத் தொலைச்சுடுவேன்” என்று மிரட்டி வாக்கும் வாங்கிக்கொண்டாள்.

“இன்னொண்ணு, கடைசிக் கட்டத்துல புள்ளி யாரு வெச்சது? டீச்சர் என்னமோ பிரமாதம்கறாங்க. ரெண்டு பதிலையும் நான் ஒரே மாதிரிதானே எழுதினேன்?” என்று கேட்டாள். ஒப்புக்கொண்டேன். என் மனைவி தொலைபேசியைப் பியானோவுக்கு அருகே பிடித்துக்கொண்டாள், நான் வாசித்தேன். அக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம், “நான் அப்படியாடா வெடுக்குன்னு சொல்றேன்?” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, “அப்படியேதான்” என்றோம். சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். “சரி. இருக்கட்டும்” என்றாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் என் மனைவி சொல்கிறாள். ஆனால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே தட்டுவது கோபம் என்று நினைத்துக் கலங்கும் ஒருவரைப் பதினெட்டாம் தேதிவரை அப்படியே நிற்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. தயவுசெய்து ஒன்றும் தெரியாதவர்போல இருங்கள். அன்றைக்குக் கண்ணாடி தலையில் இருக்கட்டும். சத்தமாகக் கேளுங்கள்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக, மேலே எழுதியது அனைத்தையும் சிவப்பு மையால் ஒரு வரி விடாமல் அடித்துவிட்டேன். அடித்த வரிகளுக்குக் கீழே புள்ளியும் வைத்திருக்கிறேன். எந்தத் தொழில் முறைப்படி வாசிப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.